நாணலுக்குள் இருந்த அந்த அம்மாள்

அனுப்புநர்
மு. யமுனா (வயது 63),
க/பெ. (அமரர்) முரளிதரன்,
ஓய்வு பெற்ற தட்டச்சர்,
கடைசி வீடு, படித்துறைத் தெரு,
கொள்ளிடக் கரை, திருவரங்கம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
உயர்திரு விசாரணை அலுவலர் அவர்கள்,
தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: கொள்ளிடம் ஆற்றுப்படுகையில் நாணல் தீப்பிடித்தது – தீயணைப்பு வீரர் திரு. சவரிராஜ் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ஓடியதாகத் தெருவார் புகார் – நாணலுக்குள் யாரும் இல்லை என்ற கூற்றை மறுத்தல் – அங்கே இருந்தது நானே எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. படித்துறைத் தெரு பொதுமக்கள் கையெழுத்திட்டு அளித்த புகார் மனு.
2. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வட்டாட்சியர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலம் முழுவதும் ஊரார் மனுக்களையும் அவற்றுக்கான பதில்களையும் தட்டச்சு செய்துகொடுத்தவள், என் பெயரில் எழுதும் முதல் மனு இது. "மேற்படியாள்", "நாளது தேதி வரை" என்றெல்லாம் கைப்பழக்கத்தில் வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீ பிடித்த அன்று நாணலுக்குள் வயதான ஓர் அம்மாள் சிக்கியிருந்ததாகவும், அவரைக் காப்பாற்றவே குழாயை விட்டதாகவும் திரு. சவரிராஜ் விளக்கம் கொடுத்திருப்பதைத் தங்கள் அறிவிப்பில் படித்தேன். அப்படி ஓர் அம்மாள் இல்லவே இல்லை, பழியிலிருந்து தப்ப அவர் கட்டிய கதை என்று எங்கள் தெருவார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதன் பேரில் அவர் இப்போது பணியிடை நீக்கத்தில் இருப்பதாகவும் தெரிகிறது. ஐயா, அந்த அம்மாள் நான்தான். "வயதான" என்ற சொல்லுக்கு மட்டும் எனக்கு ஆட்சேபம் உண்டு. மற்றபடி அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

1. முதலில் இடத்தைப் பற்றி. எங்கள் தெரு கொள்ளிடத்தின் தென்கரையில் போய் முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு மாரியம்மன் கோவில், அதை ஒட்டிப் படித்துறை, படித்துறைக்கு முன்னால் கடைசி வீடாக என் வீடு. கோடையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. படித்துறைக்குக் கீழே ஆள் உயரத்துக்கு மேல் நாணலும் இடையிடையே சீமைக்கருவேலும்தான். அதே கரையில் மேற்கே சுடுகாடு. கோவிலடியிலிருந்து கரையோரமாக ஒரு மண்பாதை சுடுகாடு வரை போய், அங்கிருந்து ஆற்றுக்குள் இறங்குகிறது. தாங்கள் இப்போது நேரில் வந்து பார்த்தால் இதில் பாதிகூடத் தெரியாது. ஆடி பிறந்ததும் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கருகிய தரை, குழாய் எரிந்த தடம், நான் நின்ற கல் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. ஆகவே என் வாய்ச்சொல்லைத் தவிர இந்த வழக்கில் மிச்சம் ஒன்றும் இல்லை.

2. நான் அங்கே ஏன் போனேன் என்று தாங்கள் கேட்கலாம். என் மகனும் அதைத்தான் கேட்டான். அவன் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வான். என் வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவதிலேயே பேச்சு முடிந்துவிடும். படித்துறையில் இறங்கி நாணலுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் மேற்கே கொஞ்சம் போனால், துணி துவைக்கும் பெரிய கல் ஒன்று மணல் திட்டில் கிடக்கும். அங்கே பேச்சு தெளிவாக இருக்கும். என் கணவர் காலமான பிறகு வாரத்தில் ஒரு தடவை நான் வாய் நிறையப் பேசுவது அந்தக் கல்லில் உட்கார்ந்துதான். மற்ற நாட்களில் பால்காரரிடம் பேசுவதோடு சரி.

கடந்த 25-05-2025 ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனேன். நான் இறங்கும்போது பக்கத்து வீட்டு மீனாம்பாள் கோவில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி போன் பண்ற நேரமா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். இந்த வரியைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் நாணலுக்குள் போனதைப் பார்த்த ஒருவர் தெருவில் இருக்கிறார்.

அன்று போன் வரவில்லை. மேற்கே புகை தெரிந்தது. எனக்கு அது அதிசயமில்லை. புதுத் தளிர் விட்டால் மாட்டுக்கு ஆகும் என்று கோடையில் யாராவது நாணலுக்குத் தீ வைப்பதும், அது தானாக அடங்குவதும் வருடா வருடம் நடப்பது. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், பையனுக்கு ஏதோ வேலை இருக்கும், கூப்பிடுவான் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிடாத போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நெருப்பைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

3. அதே நேரத்தில் மேலே தெருவில் நடந்தது நான் கண்ணால் கண்டதல்ல. பின்னால் மீனாம்பாள் சொல்லியும், திரு. சவரிராஜ் என்னை மீட்டு வரும் வழியில் சொல்லியும் அறிந்தது. தீயணைப்பு வண்டி கோவிலடி வரை வந்து நின்றிருக்கிறது. திரு. சவரிராஜ் இறங்கி, காற்று மேற்கிலிருந்து அடிப்பதைப் பார்த்து, குழாயைச் சுடுகாட்டுப் பாதை வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சுடுகாட்டுப் பக்கம்தான் நாணல் ஏற்கெனவே எரிந்து முடிந்திருந்தது. எரிந்த தரையில் குழாயைப் போட்டு, நெருப்பின் வாலிலிருந்து தொடங்கி ஓரமாகவே அணைத்துக்கொண்டு போய் அதன் தலையைப் பிடிப்பதுதான் முறை என்பது அவர் சொன்னது.

ஆனால் எங்கள் தெருவில் அப்போது அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும் வரை தெருவார் யாரும் வெளியே போய்த் தங்கக் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது, சுடுகாட்டு மண் தெருவுக்குள் வரவே கூடாது. சுடுகாட்டில் புரண்ட குழாயை இதே தெருவில்தானே சுருட்டி ஏற்றுவார்கள், வண்டி அம்மன் முன்னால்தானே நிற்கிறது என்று விழாக் குழுத் தலைவர் திரு. சிவசங்கரும் மற்றவர்களும் பாதையை மறித்து நின்றுவிட்டார்கள். படித்துறை இருக்கும்போது அந்த வழி எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். படித்துறைதான் கிட்டம். ஆனால் படித்துறை வழியாகப் போனால் எரியாத நாணலுக்குள் குழாயை இழுத்துக்கொண்டு, வருகிற நெருப்புக்கு நேர் எதிரே போய் நிற்க வேண்டும்.

பேசிக்கொண்டிருக்க நேரமில்லாமல் அவர் படித்துறையில் இறங்கிவிட்டார். "பொதுமக்கள் காட்டிய வழியை மதிக்கவில்லை" என்று புகார் மனுவில் ஒரு வரி இருக்கிறது. மதித்தார் ஐயா. அதுதான் வினையாகப் போயிற்று. வேறு கோவிலுக்குப் போகிறவருக்கு நம் அம்மன் காப்பின் அருமை எப்படித் தெரியும் என்று இன்னொரு வரி கேட்கிறது. தெருவில் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்தில் குழாய் உரசாமல் இருக்க, அவரே ஒரு கையால் தோரணத்தை உயர்த்திப் பிடித்துக் குனிந்து போனார் என்று மீனாம்பாள்தான் என்னிடம் சொன்னார். அந்த அவசரத்திலும் அதைச் செய்தவருக்கு அருமை தெரியாது என்று எழுதினால் கை கூச வேண்டாமா?

4. இனி எழுதுவது நான் கண்ணால் கண்டது. வழக்கு இந்த ஒரு பத்தியில்தான் இருக்கிறது என்பது என் தாழ்மையான எண்ணம்.

சூடு முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தேன். புகையில் படித்துறை தெரியவில்லை. கல்லின் மேல் ஏறி நின்று கத்தினேன். எனக்கும் படித்துறைக்கும் நடுவே, நாணலை மிதித்துத் தள்ளிக்கொண்டு ஒருவர் குழாயின் முனையைக் கையில் பிடித்தபடி வருவது தெரிந்தது. அவர்தான் திரு. சவரிராஜ். தண்ணீர் நல்ல வேகத்தில் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. உடன் வந்த இன்னொரு வீரர் குழாய் எங்கோ முறுக்கிக்கொண்டதைச் சரி செய்யப் பின்னால் போயிருந்ததாக அவர் பிறகு சொன்னார். அதனால்தான் அந்த வீரர் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகாது.

காற்று ஒரு சுழற்று சுழற்றியது. எரியும் நாணல் பூக்கள் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்துபோய் அவருக்குப் பின்னால், குழாய் கிடந்த வழியில் விழுந்து பற்றிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து டயர் வெடித்தது போல ஒரு சத்தம். அவர் கையிலிருந்த முனையில் தண்ணீர் குறைந்து, சொட்டி, நின்றது. குழாய் தொய்ந்துபோய்த் தரையில் படுத்துவிட்டது. தண்ணீர் நிற்கும் வரை அவர் முனையைக் கையிலிருந்து விடவில்லை. தண்ணீர் நின்ற பிறகுதான் குழாயை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

அவர் குழாயை விட்டதால் தண்ணீர் நின்றது, தண்ணீர் நின்றதால் நெருப்பு படித்துறை ஏறிக் கோவிலடித் திருவிழாப் பந்தலையும் அம்மன் சப்பரத்தையும் எரித்தது என்பது தெருவார் குற்றச்சாட்டு. நடந்தது நேர்மாறு. குழாய் முதலில் வெடித்தது. அவர் விட்டது செத்துப்போன குழாயை. சப்பரம் எரிந்ததில் எனக்கும் வருத்தம்தான். என் கணவர் இருந்த காலத்தில் அதன் ஒரு தண்டை அவரும் தோள் கொடுத்துத் தூக்கியவர். ஆனால் அது அந்த மனிதரால் எரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விட்டார் என்று எழுதியிருக்கிறார்களே, அந்தக் குழாயைக்கூட அவர் சும்மா விடவில்லை. எரியாமல் இருந்த நீளத்தைத் தோளுக்கு மேல் தூக்கி, உள்ளே தங்கியிருந்த தண்ணீரை முழுதும் என் தலையிலும் புடவையிலும் வடித்தார். ஒரு குடம் அளவுக்கு வந்திருக்கும். தனக்கென்று ஒரு கை அள்ளிக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் கீழே போட்டார்.

5. படித்துறைப் பக்கம் வழி அடைபட்டுவிட்டது. நான் அந்தப் பக்கமே ஓடப் பார்த்தேன். வீடு அங்கேதானே இருக்கிறது. அவர் என் கையைப் பிடித்து நெருப்பு வருகிற பக்கமே திருப்பினார். பைத்தியமா இந்த ஆள் என்று நினைத்தேன்.

"அம்மா, எரிஞ்ச பக்கமா வாங்க. எரிஞ்ச இடம் மறுபடி எரியாதும்மா."

நாணல் மெலிந்து தீ முழங்கால் அளவே இருந்த ஓர் இடம் பார்த்துத் தாண்டினோம். தாண்டியதும் கருகிய தரை. என் ரப்பர் செருப்பு உருகி ஒட்டிக்கொண்டது. பாதம் வெந்தது. அந்தத் தரையில் நெருப்பு இல்லை, புகையும் பெரிதாக இல்லை. பின்னால் ஊரே எரிவது போல இரைச்சல் கேட்க, நாங்கள் இருவரும் சாம்பலில் நடந்துகொண்டிருந்தோம்.

நடக்கும்போது அவர் வாய் ஓயாமல் பேசினார். என்னிடம் பேசினாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது. குழாயை எரிந்த தரையில்தான் விரிக்க வேண்டும், துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், வளைந்து நெளிந்து கிடக்குமாறு கொஞ்சம் தொய்வு விட வேண்டும், இழுத்துக் கட்டினாற்போல் போட்டால் காற்று மாறும்போது திருப்ப முடியாது, எப்போதும் ஒரு கால் கருகின பக்கம் இருக்க வேண்டும் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சுக்கு நடுவே திரும்பித் திரும்பி நெருப்பைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் பயம். பயத்தை என்னிடம் காட்டாமல் இருக்கத்தான் அத்தனை பேச்சு என்று புரிந்தது. ஐயா, இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. என்னிடம் ஒருவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசிப் பல காலம் ஆகியிருந்தது. கால் வெந்துகொண்டிருந்தபோதும் அவர் பேச்சை நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் எனக்கு இருந்தது.

சுடுகாட்டுக் கொட்டகையின் குழாயடியில் என்னை உட்கார வைத்தார். அன்று அங்கே யாரும் இல்லை. நடக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். திரும்பி வண்டி இருந்த பக்கம் ஓடினார். என் பெயரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு குறையால்தான் அவர் சொல் இன்று கதையாகிவிட்டது.

6. பிறகு நான் தெருவுக்குள் போகவில்லை. ஏன் என்பதைச் சொன்னால்தான் தெருவார் மனுவில் என்னைப் பற்றிய நான்காவது வரி (கீழே 7-இல் காண்க) எப்படி வந்தது என்று தங்களுக்கு விளங்கும். சுடுகாட்டுப் பாதையில் நொண்டிக்கொண்டு வந்தவளைத் தோரணத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். பந்தல் எரிந்து புகைந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். மீனாம்பாள் மட்டும் கிட்டே வந்து, காப்புக் கட்டியிருக்கிறது, இப்படியே உள்ளே வந்துவிடாதீர்கள் அக்கா என்று மெதுவாகச் சொன்னார். என் கால்களைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓர் ஆட்டோவை அந்தப் பக்கமாகச் சுற்றி வரச் சொல்லி ஏற்றிவிட்டதும் அவர்தான்.

காப்புக் கட்டிய பிறகு தெருவார் வெளியே தங்கக் கூடாது. சுடுகாட்டிலிருந்து வந்தவர் உள்ளே வரவும் கூடாது. இந்த இரண்டு விதியையும் ஒரே ஆள் எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை. நான் புத்தூரில் ஒரு மருத்துவமனையில் காப்பு அவிழ்க்கும் வரை படுத்திருந்தேன். அந்தச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். பாதம் வெந்தது என்று அதில் இருக்கிறது. எங்கே வெந்தது என்று இல்லை. வந்து பார்க்க யாரும் இல்லாததால் கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை.

7. நான் வீடு திரும்பிய சில நாட்களில் திரு. சிவசங்கர் புகார் மனுவோடு வந்தார். தெரு முழுவதும் கையெழுத்துப் போட்டிருந்தது. கடைசி வீட்டுக் கையெழுத்து மட்டும் பாக்கி. பழக்க தோஷத்தில் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டே படித்தேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். "சம்பவத்தின்போது நாணல் பகுதியில் மனிதர் எவரும் இல்லை. கடைசி வீட்டில் வசிக்கும் பெண்மணியும் அன்று ஊரில் இல்லை" என்று இருந்தது.

என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, என் கையிலேயே கொடுத்து, நான் அங்கே இல்லை என்று என்னிடமே கையெழுத்துக் கேட்டார்கள். அப்போதும் என் காலில் கட்டு இருந்தது. "ஒரு கையெழுத்துதானே மேடம்" என்றார் திரு. சிவசங்கர். அவர் கெட்டவர் இல்லை. சப்பரம் செய்ய மூன்று வருடம் அலைந்தவர். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மற்றதைப் பற்றிப் பேசலாம் என்றேன். மனுவை வாங்கிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை.

மீனாம்பாளின் கையெழுத்து அதில் இருந்தது. நான் கேட்காமலேயே மறுநாள் கொல்லைப்பக்கம் வந்து நின்றார்.

"நீங்க உள்ள இருந்தீங்கன்னு எழுதினா, ஆள் இருக்கும்போதே வழிய மறிச்சாங்கன்னு ஆயிடும்ல அக்கா. எங்க வீட்டுக்காரரும் மறிச்சு நின்னவருதான்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. உண்மையில் அதுதான் ஆகிறது. நான் உள்ளே இருக்கிறேன் என்று அவர் மட்டுமாவது அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதையை விட்டிருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. கூட்டத்தில் சொல்ல வாய் வரவில்லை என்றார். அதையும் நம்புகிறேன். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கும் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பிறகு அவர் கொல்லைப்பக்கம் வருவதில்லை.

எங்கள் தெருவில் திருவிழா வரிக்குக் குடும்பத்தைத் தலைக்கட்டு என்று எண்ணுவார்கள். கணவர் போன பிறகு தனியாக இருக்கும் பெண்ணை அரைத் தலைக்கட்டு என்று எண்ணுவது வழக்கம். நானும் ஆட்சேபிக்கவில்லை. சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனேன். அரை ஆளாக இருந்தவள் இந்த மனுவில் ஆளே இல்லை என்றாகிவிட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நெருப்பு பக்கத்தில் வந்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை.

8. தெருவார் மேல் நடவடிக்கை எதுவும் கேட்டு இம்மனுவை நான் எழுதவில்லை. இதைத் திட்டமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நாளைக்கும் நான் அதே தெருவில்தான் இருந்தாக வேண்டும். அவர்கள் அம்மனுக்குப் பயந்து செய்தார்கள், பிறகு சட்டத்துக்குப் பயந்து எழுதினார்கள். ஆனால் அவர்கள் பயத்துக்கு அந்த மனிதர் பிழைப்பை ஈடு கொடுக்க முடியாது. நான் உயிரோடு இருந்து இதைத் தட்டச்சு செய்வது அவர் எனக்குச் சொன்ன எரிந்த பக்கத்தில் நடந்ததால்தான்.

9. ஆகவே, கீழ்க்கண்டவற்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அ) நாணலுக்குள் ஒரு பெண் இருந்தார், அவர் பெயர் யமுனா என்று விசாரணைக் கோப்பில் பதிய வேண்டும். குழாய் வெடித்துத் தண்ணீர் நின்ற பிறகே திரு. சவரிராஜ் அதைக் கைவிட்டார் என்ற என் சாட்சியத்தை ஏற்று, அவர் மீதான நடவடிக்கையைக் கைவிட வேண்டும்.

ஆ) அடுத்த கோடைக்கு முன் சுடுகாட்டுப் பாதையைத் தீயணைப்பு வழியாக அறிவித்து ஒரு பலகை வைக்க வேண்டும். காப்புக் கட்டும் மாதமும் நாணல் காயும் மாதமும் ஒன்றுதான். குழாய்க்குத் தீட்டு உண்டா இல்லையா என்பதை வண்டி வந்து நின்ற பிறகு பேசாமல், அதற்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் தங்கள் துறையிலிருந்து ஒருவர் வந்து பேசி முடித்துவிட்டால் நல்லது. தெருவார் கேட்பார்கள். முரட்டு ஜனங்கள் இல்லை.

இ) என்னை நேரில் அழைத்து விசாரிக்க வேண்டும். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவேன். காலில் செருப்பு போட இன்னும் கொஞ்சம் சிரமம், மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. யார் முன்னால் நிறுத்திக் கேட்டாலும் இதில் எழுதியதையே சொல்வேன்.

ஈ) சம்மனைத் தபாலில் அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தபால்காரர் தெருமுனையில் விசாரித்துவிட்டு, எனக்கு வந்த கடிதங்களில் இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்று ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்தது. மற்றது யார் எழுதியதென்று எனக்குத் தெரியாது. தபால் நிலையத்தில் போய்க் கேட்டதில், அந்த வீட்டில் ஆள் இல்லை என்று தெருவில் சொன்னதாகத் தெரிவித்தார்கள். ஆகையால் தங்கள் அலுவலகத்திலிருந்து யாரேனும் ஒருவரையே அனுப்பிவைக்க வேண்டும். வருபவர் தெருவில் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். நேரே கடைசி வரை நடந்து வந்து கதவைத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே நான் இருக்கிறேன்.

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டின் நகல்.

நாள்: 22-07-2025
இடம்: திருவரங்கம்

இப்படிக்கு, மேலே கண்டவை யாவும் நானே கண்டும் கேட்டும் அறிந்தவை என உறுதி கூறும்,

(ஒப்பம்) மு. யமுனா
கையெழுத்திட்டோர்: ஒருவர்